டிண்டல் வீட்டு விசில்

ராயபுரத்தில் டிண்டல் வீடு எது என்று கேட்டால் தபால்காரரே கூட்டி வந்து விட்டுவிடுவார். ஸ்டானிஸ்லாஸின் தாத்தா துறைமுகத்தில் நாற்பது ஆட்களை வைத்து மூட்டை இறக்கியவர். அவர்தான் அசல் டிண்டல். அப்பா காலத்தில் கப்பல் மேல் நின்று கிரேனுக்குக் கை காட்டுகிறவருக்கு அந்தப் பெயர் வந்தது. ஸ்டானிஸ்லாஸோ முப்பத்தைந்து வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். ஆனாலும் மாதா கோயில் தேருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி விசில் ஊதுவது அந்த வீட்டு ஆளின் வேலை. அதனால் அவரும் டிண்டல். இன்றைக்குத் தெருவுக்குத் தெரிந்த டிண்டல் அது ஒன்றுதான்.

இந்த வருஷம் அவருக்கு முட்டி மக்கர் பண்ணியது. மகள் ஜானட், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேனுக்கு சிக்னல் காட்டுகிறவள், கேட்டாள்: "நைனா, இந்த வாட்டி நான் ஊதட்டா?"

"அது வேற, இது வேற. நீ போய் கயித்த புடி."

உள்ளுக்குள் பயம்தான். ஒரு தடவை கொடுத்தால் அந்தப் பெயர் தனக்குத் திரும்பி வராது.

திருவிழா அன்று சாயங்காலம், முட்டியில் பட்டியைச் சுற்றிக்கொண்டு தேருக்கு முன்னால் நின்றார். தெருமுனையில் தேர் திரும்ப வேண்டும். நீட்டி ஒரு விசில் ஊதினார். அவர் கணக்கில் அதற்கு இழு என்று அர்த்தம். ஆனால் இந்த வருஷம் வலது கயிற்றைப் பிடித்திருந்தது முழுக்க ஜானட்டோடு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறவர்கள். அங்கே நீட்டி ஊதினால் நிற்க வேண்டும். நின்றார்கள். இடது கயிற்றில் இருந்த காசிமேட்டு மீன்காரர்கள் இழுத்தார்கள். தேர் கோணிக்கொண்டு கமாலின் பிரியாணிக் கடைப் பக்கம் போயிற்று. கமால் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பதற்றத்தில் ஸ்டானிஸ்லாஸ் இன்னும் நீட்டி ஊதினார். தேர் இன்னும் கோணியது.

ஜானட் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடி வந்தாள். இரண்டு கையையும் உயர்த்தினாள். யார்டுக்காரர்கள் பழக்கத்தில் நின்ற இடத்திலேயே இருந்தார்கள், மீன்காரர்கள் தேருக்கு முன்னால் பெண் நிற்பதைப் பார்த்து நின்றார்கள். அப்புறம் இடது கையை மடக்கி, வலது கையை அசைத்தாள். வலது கயிறு மட்டும் இழுத்தது. தேர் நிமிர்ந்து, கடைப் பந்தலில் ஒரு ஓலையைக்கூடத் தொடாமல் திரும்பியது.

அவள் பின்பக்கமாகவே நடந்தாள். "பின்னால பள்ளம் கீது," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"தெரியும் நைனா. காலைலயே பாத்துட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட அப்படிப் போய்ப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் யாராவது கத்துவார்கள், தாண்டுவார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அப்பாவும் மகளும் மீன் வாங்கப் போனார்கள். "டிண்டலு, வஞ்சிரம் வந்துகீது பாரு," என்றாள் மீன் விற்கும் ஃப்ளோரன்ஸ்.

"இன்னா வெல?" என்று ஸ்டானிஸ்லாஸ் குனிந்தார்.

"உன்ன கூப்புடல மாமா. நீ பைய புடி."

அவர் பையை விரித்துப் பிடித்தார். வருத்தம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார்; சிரிப்புதான் வந்தது.