ஊற்றுகிறவர் கடைசி

எங்கள் ஐலா தீவின் விஸ்கியில் கடல், புகை, தேன், பழைய தோல் நாற்காலி என்று என்னென்னவோ வாசனைகள் வீசுவதாகப் புட்டியின் பின்புறம் அச்சடித்திருக்கிறார்கள். என் அண்ணன் மர்டோவின் காலுறையை மட்டும் விட்டுவிட்டார்கள். முளைவிட்ட பார்லி காயும் சூளையில்தான் அவன் அதையும் காயப்போடுகிறான். அந்தப் பார்லியைக் கிளறுகிறவள் நான்.

எங்கள் விஸ்கி ஆலையில் ஒரு வழக்கம். அழுக்கு வேலை நாளில் ஆளுக்கு ஒரு கிளாஸ் புதுச் சரக்கு. செம்புக் கொப்பரையில் காய்ச்சும்போது முதலில் இறங்குவதையும் கடைசியில் இறங்குவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் பிடிப்பது அது. பீப்பாயில் பத்து வருடம் தூங்காததால் தண்ணீர் நிறத்தில் இருக்கும். தொண்டையில் இறங்கும்போது செய்த பாவமெல்லாம் நினைவுக்கு வரும். மேலாளர்தான் ஊற்ற வேண்டும். ஊற்றுகிறவர் கடைசியில்தான் குடிக்க வேண்டும்.

எடின்பரோவிலிருந்து வந்த புது மேலாளர் லாக்ஹார்ட், சரக்கு ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இனிமே டீ. எவ்வளவு வேணும்னாலும் குடிங்க."

சூளையின் புகைக்கூண்டைச் சுத்தம் செய்யும் நாள் வந்தது. உள்ளே ஒரு வருடக் கரி. எதிர்த்து யாரும் பேசவில்லை; உள்ளே யாரும் இறங்கவுமில்லை.

"ஏம்ப்பா நிக்கிறீங்க?" என்றார் லாக்ஹார்ட்.

"டீ ஆறட்டும்னு பாக்குறோம் சார்," என்றார் டூகல். ஆலையிலேயே மூத்தவர் அவர்.

"இதெல்லாம் ஒரு வேலையா? டீயைக் குடிச்சிட்டு எவனும் செய்யலாம்."

"இருக்கும் சார். நாங்க தீவுக்காரங்க, விவரம் பத்தாது. நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டினா பாத்துக்குவோம்."

மர்டோ துடைப்பத்தை நீட்டினான். அதை வாங்காமல் இருந்திருந்தால் லாக்ஹார்ட் பிழைத்திருப்பார்.

உள்ளேயிருந்து முதலில் தும்மல் வந்தது. பிறகு கெட்ட வார்த்தைகள் வந்தன. எடின்பரோவில் இத்தனை வகை உண்டென்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. தேவாலயத்து மூப்பரான டூகல், தொப்பியைக் கழற்றி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தவருக்குப் பல் மட்டும்தான் வெள்ளை. நான் டீயை நீட்டினேன். ஒரு வாய் குடிப்பதற்குள் மீசைக்கரி கோப்பையில் விழுந்தது. கோப்பையைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார்.

"இதுக்கு டீ சரிப்படாது."

"அப்படிங்களா சார்," என்றார் டூகல். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

சாவி வெளியே வந்தது. தமக்கு ஊற்றிக்கொள்ளப் போனவரின் கையை டூகல் மெல்லப் பிடித்தார்.

"ஊத்துறவர் கடைசி சார்."

"எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"டீ இருக்குற அதே புத்தகத்துல," என்றான் மர்டோ.

நாங்கள் வரிசையாக நின்றோம். கண்ணெல்லாம் கரி என்பதால் லாக்ஹார்ட்டுக்கு முகம் தெரியவில்லை, தொப்பிதான் தெரிந்தது. மர்டோ தன் தொப்பியோடு ஒருமுறை வந்தான். டூகலின் தொப்பியோடு ஒருமுறை வந்தான். பிறகு என் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"நீ யாரும்மா?"

"பார்லி கிளறுறவ சார்," என்றது கட்டைக் குரல்.

கடைசியில் அவர் தமக்காக ஜாடியைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. அதை விரலால் தொட்டு நக்கினார். ஜாடி திரும்பவும் அலமாரிக்குள் போய்விடுமோ என்று எல்லோரும் சாவியையே பார்த்தோம்.

"நாளைக்குப் பெரிய ஜாடியா வாங்குங்க," என்றார். சாவியை டூகலின் கையில் வைத்தார். "இனிமே நீங்க ஊத்துங்க. நான் வரிசையில நிக்கிறேன்."

டூகலின் முகத்தில் அப்போதுதான் சுருக்கம் விழுந்தது.