மண்ணெண்ணெயில் நின்ற எஞ்சின்

"இழு மச்சான், இழு! உதென்ன மாட்டுக் கயிறே, தடவிக்கொண்டு நிக்கிறாய்?"

ஜெயந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சின் கயிற்றை மறுபடி இழுத்தான். எஞ்சின் இருமியது. கனைத்தது. செத்துப்போனது.

கடற்காற்று படகைக் கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அலை உடைகிற இடம் இதோ, கூப்பிடு தூரத்தில். அதற்குள் அகப்பட்டால் படகு குப்புறக் கவிழும். பிறகு வாங்குவதற்குப் படகே இருக்காது.

டினோஜன் துடுப்பால் படகின் மூக்கைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்தபடியே சிரித்தான். ஜெயந்தனின் மனைவிக்கு அண்ணன் அவன். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து வளர்ந்தவன். ஜெயந்தனோ ஜெயபுரத்து வயல்காரன். ஜெயரூபினியைக் காதலித்துக் கல்யாணம் கட்டி, இங்கேயே தங்கி, மச்சானின் படகில் வலை இழுப்பவன்.

"அங்க பார், கரையில உன்ர மனுசி நிக்கிறாள். இப்பவே கையைக் காட்டு. பிறகு காட்டேலாது."

சொந்தப் படகு ஒன்று. ஜெயந்தன் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். மச்சானின் நக்கல் இல்லாமல் ஒருநாளாவது கடலில் மூச்சுவிட வேண்டும். அற்புதம் அக்காவின் இந்தப் பழைய படகுதான் அவன் கைக்கு எட்டுகிற விலையில் இருந்தது. பின்னேரம் புதுக்குடியிருப்பிலிருந்து வேறு ஆள் பார்க்க வருகிறான். அதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

எஞ்சினில் குறை என்று அக்காவே ஒளிக்காமல் சொல்லியிருந்தா. "ஒருநாள் ஓடும், ஒருநாள் முரண்டு பிடிக்கும் தம்பி. என்ர மனுசனைப்போல."

ஜெயந்தன் பார்க்கப் போன இரண்டு முறையும் எஞ்சின் முரண்டுதான். இன்று காலை மட்டும் அதிசயமாக ஓடியது. டினோஜன்தான் கரை தெரிகிற தூரத்தில் நிறுத்தினான். "நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப எடுபடுதோ எண்டு பாப்பம்." பிறகு ஆறுதலாக உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டான். அவன் கை கழுவி முடிப்பதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது.

"விட்டிடு மச்சான். இது உதவாது," என்றான் இப்போது. "என்ர போட்டில உனக்கென்ன குறை?"

"உன்ர வாய்."

ஜெயந்தன் பிளக்கைக் கழற்றினான். ஈரம். மூக்கருகே கொண்டுபோனான்.

மண்ணெண்ணெய்!

அந்த மணம் அவனுக்கு நல்ல பழக்கம். ஜெயபுரத்தில் அப்பாவின் மிளகாய்த் தோட்டத்து வாட்டர் பம்பும் இதே சாதிதான். பெற்றோலில் தொடக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். மறந்தால் உள்ளே மண்ணெண்ணெய் தேங்கிவிடும். ஆறின எஞ்சின் பிறகு லேசில் எடுபடாது.

தேங்கியதை வடித்தான். பிளக்கை இடுப்புச் சாரத்தில் துடைத்துப் பூட்டினான். பெற்றோல் பக்கம் திருப்பினான்.

எஞ்சினுக்குப் பின்னால் அலை உடைந்து சிதறியது.

இழுத்தான். இருமல். இன்னொருக்கா இழுத்தான். எஞ்சின் வீறிட்டது!

கரை தட்ட முன்னம், டினோஜன் பார்க்கவேண்டுமென்றே பெற்றோலுக்கு மாற்றி நிறுத்தினான் ஜெயந்தன். குதித்து இறங்கி, ஜெயரூபினியோடு காத்து நின்ற அற்புதம் அக்காவிடம் போனான்.

"போட் எனக்குத்தான் அக்கா. எஞ்சினில ஒரு குறையும் இல்லை. இவர்தான் மண்ணெண்ணெயில நிப்பாட்டினவர்."

ஜெயரூபினி வாயில் கை வைத்தாள். "அண்ணா, நீங்களோ? உங்கட எஞ்சினை ஒருநாளும் அப்பிடி நிப்பாட்டமாட்டீங்களே!"

டினோஜன் மணலைப் பார்த்தான். அவன் வாயில் நக்கல் வராத முதல் தடவை அதுதான்.

"பொறுங்கோ," என்றா அற்புதம் அக்கா. "தம்பி ஜெயந்தன் பாக்க வாற நாளுக்கெல்லாம் முதல்நாள் பின்னேரம், 'எஞ்சினை ஒருக்கா ஓட விட்டுப் பாப்பம்' எண்டு வந்து நிண்டது உவர்தானே? நேற்று மட்டும் நான் எஞ்சினை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டுக் கோயிலுக்குப் போயிட்டன்."

நேற்று எஞ்சினில் அவன் கை படவில்லை. அதுதான் இன்று காலை ஓடியிருக்கிறது!

"ஏன் மச்சான்?" என்றான் ஜெயந்தன்.

டினோஜன் காதைச் சொறிந்தான்.

"உனக்கு முதல் என்ர போட்டில ஏறின ஒருத்தனும் ஒரு மாசம் தாண்டேல்லை. எல்லாரும் என்ர வாய்க்குப் பயந்து ஓடிட்டாங்கள். நீ ஒருத்தன்தான் நிண்டனீ. நீயும் போனா நான் ஆரோட மச்சான் கடலுக்குப் போறது?"