தொண்டை கட்டிய டெனர்

ஃபோல்க்மார் தீஸனுக்குத் தொண்டை கட்டவில்லை. அது அவருக்குத் தெரியும், அவர் மனைவி கெஸீனாவுக்குத் தெரியும். மற்றபடி அந்தத் துறைமுக ஊரின் இசை நாடக அரங்கில் வாயில் காப்பவர் முதல் வயலின் வாசிப்பவர் வரை எல்லோரும், பாவம் மனுஷன், குரல் போய்விட்டது என்று உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் இரட்டைச் சுற்றாகக் கம்பளி மஃப்ளர். கையில் மூலிகைத் தேநீர். யாராவது பேச்சுக் கொடுத்தால் தொண்டையைத் தொட்டுக் காட்டி ஒரு சோகமான தலையாட்டல். ஜூன் மாத வெயிலில் வேறு யாராவது இப்படித் திரிந்தால் மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். டெனர் என்கிற ஆண் உச்சக்குரல் பாடகர் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

விஷயம் இதுதான். இந்த மாதிரி அரங்குகளில் பாடகருக்கு ஒப்பந்தம் வருஷத்துக்கு வருஷம். ஆனால் ஒரே அரங்கில் பதினைந்து வருஷத்தைத் தாண்டிவிட்டால் ஓய்வு பெறும்வரை அவரை அசைக்க முடியாது. ஆகவே அந்தக் கோட்டை நெருங்கும் பாடகரை, வேண்டாம் என்று தோன்றினால், கோடை விடுமுறைக்கு முன்பே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒரு பேச்சுக்குத்தான் புதிய அரங்கத் தலைவி கெம்பின் அம்மையார் தீஸனைக் கூப்பிட்டிருந்தார். தீஸனுக்கு வயது நாற்பத்தொன்பது, அந்த அரங்கில் இது பதினான்காவது வருஷம். மேடையில் காதலிப்பதும் மூன்றாம் அங்கத்தில் சாவதும் தவிர வேறு பிழைப்பு தெரியாது. கூப்பிட்ட செய்தி வந்த அன்றைக்கே மஃப்ளர் கழுத்துக்கு ஏறிவிட்டது.

"பேச்சுன்னா ரெண்டு பேர் பேசணும்" என்று வீட்டுச் சமையலறையில், கம்பீரமான முழுக் குரலில், மனைவியிடம் விளக்கினார். "ஒருத்தனுக்குக் குரலே இல்லைன்னா எப்படிப் பேச முடியும்?"

கெஸீனா ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. அவளும் அதே அரங்கில்தான் வேலை. மேடையின் முன் விளிம்பில் ஒரு பெட்டிக்குள் தலை மட்டும் தெரிய உட்கார்ந்து, பாடுகிறவர்களுக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பவள். "அந்தம்மா பேசறதுக்கு உன் குரல் எதுக்கு? காது இருந்தா போதும். காதும் கட்டிக்கிச்சுன்னு சொல்லப்போறியா?"

"கோடை லீவு விடற வரைக்கும் ஓட்டிட்டா போதும், கெஸீனா. அப்புறம் என்னை அசைக்க முடியாது."

"நல்லா ஓட்டு. ஞாயித்துக்கிழமை மத்தியானக் காட்சியில யார் சாகறது? பெட்டியைவிட்டு ஏறி வந்து நான் சாகட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமையை தீஸன் சுத்தமாக மறந்திருந்தார். சனிக்கிழமை மாலை அதிசயமாகக் குணமாகிவிடலாம் என்று அவசரமாக ஒரு திட்டம் போட்டார். கெம்பின் அம்மையார் அதற்குள் முந்திக்கொண்டார். வெள்ளிக்கிழமையே தகவல் வந்துவிட்டது: தீஸன் சிரமப்பட வேண்டாம், பக்கத்து நகரத்திலிருந்து ஹென்னிங் ஓஸ்டர்காம்ப் வந்து மேடை ஓரத்தில் நின்று பாடுவார், தீஸன் வாயைத் திறக்காமல் நடித்தால் போதும்.

இது அங்கே வழக்கந்தான். டெனருக்குக் காய்ச்சல் என்றால் நாலு ஊருக்கு ஃபோன் அடித்து, கிடைத்த டெனரை ரயிலேற்றி வரவழைத்து, இசைத்தாள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிறுத்திவிடுவார்கள். உடம்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பார்க்க வந்தவர்களும் அதை மனதுக்குள் ஒட்டவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். தீஸனே எத்தனையோ ஊர்களில் அப்படி ஓரமாக நின்று பாடியிருக்கிறார். இப்போது அவரைக் கடித்தது வேறு சங்கதி. ஓஸ்டர்காம்ப்புக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. நல்ல குரல் என்று ஊரெல்லாம் பேச்சு. தன் இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த தலைவியின் கண்ணெதிரே அவனைத் தானே கூட்டிவந்து நிறுத்திவிட்டோமே என்று தீஸன் தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஓஸ்டர்காம்ப்பின் ரயில் தாமதமாக வந்தது. ஸ்டேஷனில் வாங்கிய மீன் ரொட்டியை மென்றுகொண்டே ஒப்பனை அறைப் பக்கம் ஓடிவந்தான். நடைவழியில் எல்லோரும் வழக்கப்படி அவனுடைய இடது தோளுக்கு மேலே தூ தூ தூ என்று துப்புவதுபோல வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்துக்கு நன்றி சொன்னால் காட்சி விளங்காது என்பது மேடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஓடிவந்த அவசரத்தில் பையன் "ரொம்ப நன்றி" என்றுவிட்டான். நடைவழியில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காட்சி தொடங்கியது. பையன் பாடினான். தீஸன் கேட்டார். நன்றாகத்தான் பாடினான், படுபாவி. பொறாமையில் அவருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. பிறகுதான் தனக்கு இங்கே செய்ய வேலை எதுவுமில்லை என்பது மெல்ல உறைத்தது. மூச்சை எங்கே இழுப்பது என்ற கவலை இல்லை. உச்ச ஸ்வரம் வருமா வராதா என்ற நடுக்கம் இல்லை. இத்தனை வருஷமாகக் காதலியைப் பார்த்துப் பாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தவர் உண்மையில் பார்த்தது அவள் தோளுக்கு மேலே தெரிந்த, ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் கைக்கோலைத்தான். இன்றைக்குக் கோலைப் பார்க்கத் தேவையில்லை. காதலியாக நின்ற அல்முட்டைப் பார்த்தார். அவளுக்கு இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்ன, இன்னிக்கு நிஜமாவே பாக்கறே?" என்று அல்முட் அணைத்துக்கொள்ளும் சாக்கில் காதில் கேட்டாள். "பாட்டே மறந்துடும் போலிருக்கு."

இரண்டாம் அங்கத்தில் அவள் அவரை விட்டுப் போக வேண்டும். தீஸன் ஜன்னலோரம் சும்மா நின்றார். மேஜைமேல் அவள் விட்டுப்போன கையுறையை எடுத்தார், எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்ப அதே இடத்தில் வைத்தார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லித் தரவில்லை. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கூட்டம் இருமாமல் இருப்பது சாமானியமில்லை.

வினை மூன்றாம் அங்கத்தில் வந்தது. ஒவ்வொரு அரங்கிலும் நாடகத்தைச் சுருக்க அங்கங்கே சில பக்கங்களை வெட்டிவிட்டுத் தாண்டிப் போவார்கள். எதை வெட்டுவது என்பது ஊருக்கு ஊர் வேறு. வந்த பாடகருக்குத் தாளில் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். ரயில் தாமதமான பரபரப்பில் கடைசி வெட்டுக்கு யாரும் கோடு போடவில்லை. சாகும் காட்சியில் ஆர்கெஸ்ட்ரா பக்கங்களைத் தாண்டிக் குதித்துவிட்டது. ஓஸ்டர்காம்ப் வெட்டிய பக்கத்திலேயே நின்றுவிட்டான். வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை, கை பக்கங்களைப் படபடவென்று புரட்டியது.

உண்மையைச் சொல்வதென்றால் அந்த ஒரு நொடி தீஸனுக்கு இனித்தது. விழட்டும். தலைவி மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார், நன்றாகப் பார்க்கட்டும். இவனைக் கூட்டிவரும் யோசனையையே விட்டுவிடுவார். கட்டிலில் சாய்ந்தபடி வாயை இறுக மூடிக்கொண்டார்.

ஆனால் பெட்டிக்குள் கெஸீனா இருந்தாளே. வரி வரவில்லை என்றால் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. யாருக்குக் கேட்கும் என்றெல்லாம் யோசிக்கவில்லை, வரியின் முதல் வார்த்தையைக் கிசுகிசுத்தாள். ஓரத்தில் நின்ற பையனுக்கு அது எட்டவில்லை. பதினான்கு வருஷமாக அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டுப் பழகிய தீஸனின் வாய், அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது. முழு வரியையும் பாடினார். வரியின் உச்சியில் இருந்த அந்தப் பெரிய ஸ்வரத்தையும் விட்டுவைக்கவில்லை, மாடி வரிசை வரைக்கும் அனுப்பினார். அதற்குள் பக்கத்தைக் கண்டுபிடித்த பையன் மிச்சத்தைப் பாட, தீஸன் நல்லபடியாகச் செத்தார்.

கைதட்டலில் காது கிழிந்தது. வெளியே காப்பியும் கேக்குமாக நின்ற கூட்டத்தில் ஒரு பெரியவர், "சாகறப்பத்தான் அவனுக்குக் குரல் வருது பாருங்க, அதான் இதுல கருத்து" என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒப்பனை அறை வாசலில் கெம்பின் அம்மையார் நின்றார்.

"தொண்டை சரியாயிடுச்சு போல, தீஸன்."

மஃப்ளர் நாற்காலியில் கிடந்தது. எட்டி எடுத்துச் சுற்றிக்கொண்டாலும் இனி பிரயோஜனமில்லை. "ஆயிடுச்சு மேடம்" என்றார்.

"நல்லது. நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க. பேசலாம்."

மறுநாள் காலை தலைவியின் அறையில் கேட்டதை தீஸன் அன்று மத்தியானம் அரங்கத்துச் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து கெஸீனாவிடம் ஒப்பித்தார். ஒரு ஐஸ் பீர் வாங்கியிருந்தார். குரலுக்கு ஆகாது என்று முப்பது வருஷமாகத் தொடாதது.

"போகச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாங்களாம். ஒளிக்காம சொன்னாங்க. காதலன் வேஷமெல்லாம் இனிமே அந்தப் பையனுக்கு."

கெஸீனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ நீ?"

"நான் இருக்கேன். சத்திரக்காரன், சூழ்ச்சி பண்ற மந்திரி, பொறாமை பிடிச்ச கிழவன், அந்த மாதிரி. 'இத்தனை நாளா உங்களை ஒரு தொண்டைன்னுதான் நினைச்சேன். நேத்து அந்தக் கையுறையை எடுத்துட்டு நின்னப்ப அழுதுட்டேன்'னு சொன்னாங்க." பீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "அதாவது நான் வாயை மூடிட்டிருந்ததுக்காக வேலையில வெச்சிருக்காங்க."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதைத்தானே நானும் சொல்றேன்."

தீஸனுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை தங்கியதில் நிம்மதிதான். ஆனால் இனி ஒரு மேடையிலும் காதலுக்காகச் சாகப்போவதில்லை என்பது நெஞ்சில் வலித்தது. "அந்தக் கடைசி ஸ்வரத்தைப் பத்திக் கேட்டேன்" என்றார். "கொஞ்சம் இறங்கியிருந்துச்சாம்."

"கொஞ்சம் இல்லை" என்றாள் கெஸீனா. சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு, மனதில் ஒரு நாளாகக் கிடந்ததைக் கேட்டுவிட்டாள். "அல்முட்டை அப்படி ஒரு பார்வை பாத்தியே. என்னை எப்பவாவது அப்படிப் பாத்திருக்கியா?"

தீஸன், மேடையில் ஜன்னலோரம் நின்ற அதே அமைதியோடு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "அவளை எங்க பாத்தேன்? அவளுக்குப் பின்னாடி பெட்டிக்குள்ள நீதானே இருந்தே."

அது பச்சைப் பொய். அவர் கண் அல்முட்டின் முகத்தைத் தாண்டவே இல்லை என்பது பெட்டிக்குள் இருந்தவளுக்குத் தெரியாதா? ஆனாலும் ஒரு முழு நிமிஷம் கெஸீனா நம்பிவிட்டாள். கண்கூடக் கலங்கிவிட்டது. அப்புறம்தான் சுதாரித்துக்கொண்டு, அவர் கையைத் தட்டிவிட்டு, அவருடைய பீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"சரி, அந்தம்மா சொன்னது சரிதான்" என்றாள். "உனக்கு நடிப்பு வருது."