எண்ணெய்மேல் பூச்சு

விடிவதற்குள் பாதிப் படகைச் சுரண்டிவிட்டோம். கொட்டகைக்குள் கட்டைகள்மேல் குப்புறக் கவிழ்த்திருந்த படகின் அடித்தட்டில் அக்கா பழைய பூச்சைப் பெயர்த்துக்கொண்டே போனாள். நான் பின்னாலேயே உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தேன். அலுமினியத் தூள் வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் காந்தியது. பூச்சைக் கரைக்கும் தின்னரின் நெடி மூக்கில் ஏறியது.

விசிறிப் படகுக்கு ஆழம் வேண்டாம். பின்னால் ஆளுயர விசிறி சுழல, சேறு, நாணல், காய்ந்த திட்டு எல்லாவற்றின்மேலும் அது வழுக்கிக்கொண்டே ஓடும். ஓடவைப்பது அடியில் நாங்கள் பூசும் வழுக்குப் பூச்சு. அது உரிந்தால் வெறும் அலுமினியம் தரையைக் கவ்விக்கொள்ளும். தடித்த பிளாஸ்டிக் தகடு அடித்தால் வருடக்கணக்கில் தாங்கும் என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். தகடு கனம், எரிபொருள் குடிக்கும் என்று சொல்லி, மலிவான பூச்சு டின்களையே முதலாளி வாங்கிப் போட்டார்.

பூசுகிற எங்களுக்கு ஒரு சோதனை உண்டு. தேய்த்த தட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவோம். பரவினால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய்ப் பசை இருக்கிறது, பூச்சு ஒட்டாது. ஓட்டுகிறவர்களுக்கு வேறொரு சோதனை. கவிழ்த்த படகின் முன்சரிவில் ஈரச் செங்கல்லை வைப்பார்கள். கல் தானாக வழுக்கி விழாவிட்டால் படகைத் தொடமாட்டார்கள். எங்கள் குவளையை முதலாளி போன மாதமே நிறுத்திவிட்டார். தட்டு காயக் காத்திருந்தால் வேலை கெடுகிறதாம்.

வெயில் ஏறியபோது மாமாவைத் தார்ப்பாயில் கிடத்தித் தூக்கிவந்தார்கள். அக்காவின் புருஷன், படகோட்டி. திட்டில் ஏறும்போது பூச்சு பாயாக உரிந்து, படகு சட்டென்று கவ்விக் குட்டிக்கரணம் போட்டிருக்கிறது. தூக்கியெறியப்பட்டவர்மேல் சுழன்றபடியே விசிறி வந்து விழுந்திருக்கிறது. வலது தோளுக்குக் கீழே எலும்பும் சேறும் சட்டைக் கந்தலும்தான் இருந்தன. அக்கா தன் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள்.

"கல்லு விழுந்துச்சுடி," என்றார் மாமா. "நானே வச்சுப் பார்த்தேன்."

அவரை வண்டியில் ஏற்றினார்கள். அக்கா ஏறப்போனபோது, இடமில்லை என்று சூப்பர்வைசர் கதவை அறைந்து சாத்தினான். அவள் விரல் நசுங்கியது. வண்டி போய்விட்டது.

மாமாவின் தம்பி, அக்காவின் கொழுந்தன், அவனும் படகோட்டிதான். இரும்புக் கம்பியோடு உள்ளே வந்தான், பின்னால் மற்ற ஓட்டுநர்கள். ஒரு வார்த்தை கேட்காமல் என் வாயில் குத்தினான். பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. கீழே விழுந்த என்னை இடுப்பில் மிதித்தான்.

"எங்க அண்ணன் கையை வாங்கிட்டீங்களேடா!"

"சொன்னாக் கேட்டாத்தானே," என்றார் முதலாளி, படிக்கட்டில் நின்றபடி. அந்தக் குரலில் பரிதாபம் சொட்டியது. எனக்குப் பற்றி எரிந்தது. "ஒழுங்காத் தேய்க்காமப் பூசினா இப்படித்தான் ஆகும். இவங்களைப் போலீஸ் பார்த்துக்கும். நீ உன் படகை எடுப்பா. கரையில ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

கம்பி என் தலைக்கு மேலே ஓங்கி நின்றது. அக்கா குறுக்கே வந்தாள்.

"தம்பி, அப்புறம் அடி. உன் படகுல கல்லு வச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன். விழுந்துச்சு."

அவள் துணியைத் தின்னரில் நனைத்து கொட்டகையில் கவிழ்ந்து கிடந்த அவன் படகின் முன்சரிவை அழுத்தித் துடைத்தாள். துணியைப் பிழிந்து காட்டினாள். விரலிடுக்கில் எண்ணெய் வழுவழுத்தது. காயவிட்டு, செங்கல்லை நனைத்து அவளே அங்கே வைத்தாள்.

கல் அசையவில்லை.

எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள், நாங்கள் விடியலில் தேய்த்த தட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். முத்து முத்தாக உருண்டோடியது.

"கல்லு விழணும்னு தேய்ஞ்ச பூச்சுமேல எண்ணெய் அடிச்சு உங்க கண்ணுல மண்ணைத் தூவியிருக்காங்க. அது கீறல் வழியா உள்ள இறங்கிடுச்சு. அதுமேலதான் எங்களைப் பூசச் சொன்னாங்க. குவளை இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

சூப்பர்வைசர் நழுவப் பார்த்தான். கொழுந்தன் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. "அவர்தான் எண்ணெய் அடிக்கச் சொன்னார்," என்று படிக்கட்டைக் காட்டி அழுதான்.

"என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் முதலாளி, வாசலில் நின்ற அடியாட்களிடம்.

முதல் அடி அக்காவின் முதுகில் விழுந்தது. இரும்புக் குழாய் எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி விழவில்லை. கொழுந்தன் செங்கல்லால் அடித்தவனின் மணிக்கட்டை நொறுக்கினான். இன்னொருவன் என் கழுத்தைப் பிடித்தான். அவன் கையைக் கடித்தேன், இருந்த பற்களால். ஓட்டுநர்கள் மொத்தமாகப் பாய்ந்ததும் அடியாட்கள் குழாய்களைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள்.

அக்கா கட்டையைப் பிடித்து எழுந்தாள். முதலாளி இறங்கி வந்தார்.

"இன்னிக்குப் படகு ஓடியாகணும். நீங்க இல்லைன்னா வேற ஆளு."

"ஓடாது, முதலாளி." அவள் சுரண்டியைக் கொழுந்தனின் படகில் பதித்துத் தள்ளினாள். பூச்சு சுருண்டு எழுந்தது. "தகடு வரணும். குவளை வரணும். என் வீட்டுக்காரருக்கு நீங்க பதில் சொல்லணும். அதுவரைக்கும் எல்லாம் வெறும் அலுமினியம்தான். வேற ஆளு வந்து சேத்துல ஓட்டிப் பார்க்கட்டும்."

"மொத்தமா உள்ள தள்ளிடுவேன்." போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியேறினார்.

எங்களோடு பூசுகிறவர்கள் ஒவ்வொருவராகச் சுரண்டியை எடுத்தார்கள். ஓட்டுநர்களுக்குக் கிடைக்கவில்லை. கம்பியைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு தொடங்கினார்கள். கொட்டகை முழுக்க உலோகம் கிறீச்சிட்டது.

கொழுந்தன் என் பக்கத்தில் வந்து நின்றான். வீங்கிய என் வாயைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"எப்படிப் பிடிக்கணும்?"

அவன்மேல் இருந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் என் சுரண்டியை அவன் கையில் வைத்தேன்.

"சாய்ச்சுப் பிடி. குத்தாதே," என்றேன், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

வாசலில் போலீஸ் ஜீப்புகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கை முதுகில் இருக்க, மறு கையால் அடுத்த படகில் சுரண்டியைப் பதித்தாள். நாங்களும் அவளோடு போனோம். இன்னும் மூன்று படகுகள் பாக்கி இருந்தன.