வியாழன் நாலு மணி நீதி

எங்கள் துறையில் எந்தக் கூட்டமானாலும் முதலில் வட்டமாக உட்கார்ந்து, இந்த நிலம் ஓசேஜ் பழங்குடி மக்களுடையது என்று ஒருமுறை சொல்ல வேண்டும். வீட்டைப் பிடுங்கியவன் தினமும் வாசலில் நின்று பழைய வீட்டுக்காரன் பெயரை மரியாதையாகச் சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொள்வது போன்ற சடங்கு. பிறகு அவரவர் அனுபவிக்கும் சலுகைகளை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளைத் தோல், சொந்த வீடு, கோளாறில்லாத முழங்கால். துறைத்தலைவி லெனோர் ஹாஸ்கல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பார். சென்ற மாதம் தன் பற்கள் வரிசையாக இருப்பதற்காக வருந்தினார்.

நான் வெகுகாலம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மனக்குறை கேட்டவன். ஐம்பதைத் தாண்டியபின், மனநல ஆலோசகர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராகலாம் என்று அமெரிக்காவின் ஆர்கன்சாவில் இந்த முனைவர் படிப்பில் சேர்ந்தேன். படிப்பின் பெயரிலேயே சமூகநீதி இருக்கிறது. பெயரில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள் போல.

எசெனியா பர்ரகான் என்னோடு படிப்பவள். கீழ்த்தளத்தில் துறையின் இலவச ஆலோசனை மையம் இருக்கிறது. வியாழன்தோறும் நாலு மணிக்கு அங்கே அவளிடம் இல்தா வருவாள். இல்தா கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நிற்பவள். ஷிப்ட் முடிந்து ரப்பர் பூட்ஸோடு நேரே வந்துவிடுவாள். அவள் கணவனை வேலைக்குப் போகும் வழியில் குடியேற்ற அதிகாரிகள் பிடித்து, சொந்த நாடான குவாத்தமாலாவுக்கே விமானம் ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. கோடை முழுக்க வந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனவள், இப்போதுதான் வாய்திறந்திருந்தாள். மையத்தில் ஸ்பானிஷ் தெரிந்தவள் எசெனியா ஒருத்திதான்.

இந்த நேரம் பார்த்து லெனோர் 'செவிமடுக்கும் வட்டம்' ஒன்றைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டோர் குரலைக் கேட்கப் பழகுவதற்காம். வியாழன் நாலு மணி. எசெனியா இரண்டு முறை வரவில்லை. கீழே ஒருத்தியின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் குற்றத்துக்காக அவளுடைய மனப்பாங்கை ஆராய ஒரு செவ்வாயன்று வட்டம் கூடியது. மனப்பாங்கில் குறை என்று முடிவானால், அவளிடம் வருகிறவர்களை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். இல்தாவையும்தான்.

உள்ளே போகுமுன் நடைவழியில் அவளை நிறுத்தினேன்.

"பேசாம மன்னிப்பு கேட்டுடு. இவங்களுக்கு அது காபி மாதிரி, தினமும் கொஞ்சம் வேணும்."

"நான் என்ன தப்பு பண்ணேன் ரஸ்?"

"தப்பு பண்ணவங்க யாரும் இங்க மன்னிப்பு கேட்டு நான் பாத்ததில்ல."

வட்டத்தில் வழவழப்பான ஆற்றுக்கல் ஒன்று சுற்றும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். பெரும்பாலும் அது லெனோர் கையில்தான் இருக்கும்.

"எசெனியா, இது விசாரணை இல்ல," என்றார் லெனோர். "உங்க மேல இருக்கற பிரியத்துலதான் கூடியிருக்கோம்."

"விசாரணைன்னா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்."

எனக்கு இருமல் வந்தது. லெனோர் கல்லை பிராண்ட்லியிடம் கொடுத்தார். கார் வியாபாரி மகன், முதுகலை மாணவன். நெஞ்சில் கைவைத்துக்கொண்டான்.

"நீங்க வராதது எனக்கு ரொம்ப காயமாயிடுச்சு. அன்னிக்கு சாப்பாடே இறங்கல."

அன்று மாலை என் எதிரில் உட்கார்ந்து இரண்டு ஆள் தின்கிற நாச்சோஸ் வறுவலைத் தனியாகத் தின்றவன் அவன்.

கல் எசெனியாவிடம் போனது. அவள் அதைச் சற்று நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். இல்தாவுக்காகத்தான் கோபத்தை விழுங்கினாள் என்று எனக்குத் தெரியும்.

"உங்களையெல்லாம் காயப்படுத்திட்டேன். கீழ ஒருத்தி அழுதா. மேல நீங்களும் அழுவீங்கன்னு எனக்குத் தோணாம போச்சு. மன்னிச்சிடுங்க."

அதிலிருந்த முள் ஒருவருக்கும் குத்தவில்லை. லெனோர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிராண்ட்லி எழுந்துவந்து, கட்டிக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டுக் கட்டிக்கொண்டான். வாசனைத் தைலமும் கண்ணீரும் கலந்த அந்த அறையின் ஜன்னலை நான் எழுந்துபோய்த் திறந்துவைத்தேன்.

"இவ்வளவு வளர்ச்சியை நான் பாத்ததே இல்ல," என்றார் லெனோர். "இனிமே வட்டத்தை நீங்களே நடத்துங்க."

"வியாழன் நாலு மணிக்கா?"

"ஆமா."

"இல்தா வர்ற நேரம் அது. வட்டத்தை அஞ்சரைக்கு வச்சுக்கலாமே."

"அந்த நேரம் எல்லாருமா சேர்ந்து, ஒரு செமஸ்டர் பூரா பேசி எடுத்த முடிவு. அதை மாத்தறது ஒருவிதத்துல வன்முறை."

"அவ ஷிப்டும் யாரோ கூடிப் பேசி எடுத்த முடிவுதான். அவளைத்தான் கேக்கல."

"இல்தாவை நாங்க விட்டுட மாட்டோம். பிராண்ட்லி பாத்துப்பார்."

"அவருக்கு ஸ்பானிஷ்ல தண்ணி கேக்கக்கூடத் தெரியாது."

"வார்த்தைக்கு அப்பால இருக்கறதைக் கேக்கத்தானே பயிற்சி குடுக்கறோம்."

எசெனியா கல்லைத் தரையில் வைத்தாள். "எனக்கு வட்டம் வேண்டாம். இல்தா போதும்."

இப்போது வந்த வளர்ச்சி இப்போதே போய்விட்டது என்று வட்டம் ஏகமனதாக வருந்தியது. அவள் மனம் ஆறட்டும் என்று இந்தப் பருவம் முழுக்க அவளிடம் யாரையும் அனுப்புவதில்லை என்றார்கள். எல்லாம் அவள் நன்மைக்குத்தான். கல் என்னிடம் வந்தது.

"ஒரு பொம்பள இப்பதான் வாயைத் திறந்திருக்கா. அதை மூடறதுக்கா நாம இத்தனை பேர் முனைவர் பட்டம் வாங்கறோம்?"

"உங்க கோபத்தை எங்களோட பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி ரஸ்," என்று லெனோர் கனிவாகச் சொல்லி, கல்லை வாங்கிக்கொண்டார்.

வியாழனன்று வட்டத்தை ரத்து செய்தார்கள். பிராண்ட்லியின் முதல் அமர்வை, உள்ளிருப்பவருக்கு வெளியே தெரியாத கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து எல்லோரும் பார்க்க வேண்டுமாம். ரத்து செய்ய முடிகிற வட்டம்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இல்தா வந்தாள். எசெனியாவின் நாற்காலியில் பிராண்ட்லி இருப்பதைப் பார்த்துக் கதவருகே நின்றாள். அவன் உட்காரச் சொன்னான். பிறகு செல்பேசியை மொழிபெயர்க்க விட்டு, ஓசேஜ் நிலத்தில் தொடங்கி, தான் வெள்ளையன், ஆண், வசதியானவன் என்று ஒவ்வொன்றாக அவளிடம் வருந்தினான். செல்பேசி அவன் வருத்தத்தையெல்லாம் பெண் குரலில் ஸ்பானிஷில் சொன்னது. கோழி ஆலையில் நாள் முழுக்க நின்ற கால்களை நீட்டக்கூடச் செய்யாமல் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த மாற்றம் உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கடைசியில் செல்பேசி கேட்டது.

"ஃபைன்," என்றாள் இல்தா, ஆங்கிலத்தில். வரிசை மேற்பார்வையாளன் காலையில் கேட்கும்போது சொல்ல அவள் பழகிவைத்திருக்கும் சொல் அது.

"என்ன ஒரு மனத்திடம் பாருங்க," என்று லெனோர் என் காதில் சொன்னார்.

இல்தா டிஷ்யூப் பெட்டியிலிருந்து ஒன்றை உருவினாள். பிராண்ட்லி ஆவலோடு முன்னால் சாய்ந்தான். அவள் குனிந்து, தன் பூட்ஸிலிருந்து தரையில் சொட்டியிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு வெளியே போனாள்.