ஊற்றுக்கு மேலே ஒரு துளை

ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி, கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டிவிட்டதாக மாதேஸ்வரன் ஏழு மணிக்குப் போன் செய்தான். அப்போதிருந்து பூபதியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வளைவுகளை எல்லாம் ஏறி, மேலே வந்து, அங்கிருந்து வளப்பூர் நாட்டுக்குத் திரும்ப எப்படியும் பத்து மணி ஆகும். அதற்குள் நான்கு முறை மிளகுக் காட்டுக்குப் போய், துளை போட வேண்டிய இடத்தில் தான் நட்டிருந்த கல்லைப் பார்த்துவிட்டு வந்தான். கல் நட்ட இடத்தில்தான் இருந்தது.

பதினாறு வருடங்களாகப் போர் வண்டியில்தான் அவனுக்கு வேலை. இரும்பு ராடு தூக்குகிறவனாகச் சேர்ந்து, இப்போது எந்திரத்தை ஓட்டுகிறவன். கடைசி ஆறு வருடங்கள் இமாச்சலத்தில். எத்தனையோ பேர் நிலத்தில் துளை போட்டிருக்கிறான். சொந்த நிலத்தில் இதுதான் முதல். திங்கட்கிழமை அவன் மறுபடி வடக்கே ரயிலேற வேண்டும் என்பதால், பழைய கூட்டாளி மாதேஸ்வரனிடம் சொல்லி அவசரமாக வண்டியை வரவழைத்திருந்தான்.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வாராங்களாட்டம் எதுக்கு இப்பிடி அலையறீங்க? உக்காந்து கஞ்சியக் குடிங்க" என்றாள் அவன் மனைவி சுகுணா.

நின்றபடியே குடித்தான். அவள் வலது தோளைக் கையால் அழுத்திக்கொண்டே பேசுவதை ஊருக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறான். முந்நூறு மிளகுக் கொடிகள். தை முடிந்ததும் வாடத் தொடங்குகின்றன. போன வருடம் பாதி காய்ந்து போனது. மீதியைக் காப்பாற்ற, கீழே ஊற்றிலிருந்து நாளுக்கு முப்பது குடம் மேட்டில் சுமந்து ஊற்றியிருக்கிறாள். வருடத்தில் பத்து மாதம் அவன் ஊரில் இருப்பதில்லை. போர் போட்டே ஆக வேண்டும் என்று எட்டு மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லையென்று சொல்ல அவனிடம் காரணம் எதுவும் இல்லை. இருந்த ஒரு காரணத்தை அவளிடம் சொன்னதில்லை.

ஊற்று, மிளகுக் காட்டுக்குக் கீழே பாறை முடிகிற இடத்தில், அவன் தங்கை சங்கீதாவின் நிலத்தில் இருந்தது. அவளுடைய நெல் வயலுக்கும், பக்கத்து மூன்று வீடுகளின் குடிநீருக்கும் அதுதான். ஒரு காலத்தில் கை கனத்துக்கு விழுந்த தண்ணீர் இப்போது இரண்டு விரல் கனத்துக்கு விழுகிறது.

எட்டரை மணிக்குச் சங்கீதா மேடேறி வந்தாள்.

"வண்டி எங்கண்ணா வருது?"

"பாதி மலை ஏறியிருக்கும்."

நட்டிருந்த கல்லை அவள் பார்த்தாள். பிறகு கீழே தன் வயலைப் பார்த்தாள். "ஊத்துக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"மேல் தண்ணி வேற, அடித் தண்ணி வேற கண்ணு. ஒண்ணும் ஆகாது."

"நீ சொன்னாச் செரி" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

மேல் தண்ணி வேற, அடித் தண்ணி வேற என்ற வாக்கியத்தை அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே கற்றுக்கொண்டான். பக்கத்து நிலத்துக்காரன் வந்து கேட்டால் போர் வண்டிக்காரர்கள் எல்லோரும் சொல்வது அது. தெலுங்கில் சொல்லியிருக்கிறான், கன்னடத்தில் சொல்லியிருக்கிறான். இந்தியில் சொன்னபோதுதான் அது அவனை விட்டுப் போகாமல் தங்கிவிட்டது.

அது இமாச்சலத்தில் ஆப்பிள் விளைகிற ஊர். தோட்டக்காரர் நேகிக்கு அறுபது வயதிருக்கும். ஜூன் மாதத்தில் ஒருநாள் எதிரே மொட்டையாக நின்ற மலையைக் காட்டிப் பேசினார். அவர் சின்ன வயதில் டிசம்பரிலேயே பனி விழத் தொடங்குமாம். அடுக்கடுக்காக விழுந்து இறுகி மே மாதம் வரை மேலே கிடக்கும். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக உருகும். கோடை முழுவதும் ஓடையில் தண்ணீர் இருக்கும். இப்போது ஜனவரி முடியும்வரை வானம் வெறுமனே இருக்கிறது. பிப்ரவரிக் கடைசியில் ஈரமும் குழைவுமாக விழுகிறது. சில நேரம் பனிக்குப் பதிலாக மழையே பெய்துவிடுகிறது. விழுந்த பனியும் மூன்று வாரத்தில் கரைந்துவிடுகிறது. ஏப்ரலில் ஓடை பெருகி மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போகும். ஆப்பிள் காய் திரள்கிற ஜூனில் அதே ஓடையில் கல் மட்டும் கிடக்கும்.

"வருகிற தண்ணீர் ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. நிற்கிற தண்ணீர்தான் இல்லை" என்றார் நேகி.

பூபதி அப்போது கொல்லிமலையை நினைத்தான். இங்கே யாரும் அந்தப் பனியைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் சொன்னது அவனுக்கு உடனே புரிந்தது. ஐப்பசியில் வாரக்கணக்கில் தூறிக்கொண்டிருந்த மழை இப்போது இரண்டே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. மரவள்ளிக்காக மரங்களை வெட்டிய சரிவில் அதைப் பிடித்து வைக்கச் சருகுகூட இல்லை. அங்கே பனி செய்த வேலையை இங்கே மரமும் மண்ணும் செய்துகொண்டிருந்தன. இரண்டு மலையிலும் தொட்டி உடைந்துவிட்டது. உடைந்த தொட்டியின் அடியில் ஓட்டை போடுகிறவன் தான் என்று அன்றே அவனுக்குத் தோன்றியது. மறுநாள் எந்திரத்தை ஓட்டினான்.

நேகியின் தோட்டத்தில் நல்ல தண்ணீர் கிடைத்தது. அன்று மாலை கீழ் ஊரிலிருந்து ஒரு பெண் வாளியோடு ஏறி வந்தாள். வாளியில் பால் போல வெள்ளையாகத் தண்ணீர். அவர்கள் ஊர் ஊற்றில் பிடித்தது. பாறையை அரைத்த மாவு அது. மேலே போட்ட துளையும் கீழே இருக்கிற ஊற்றும் ஒரே விரிசலில் இருந்தால் மட்டுமே அப்படி வரும். அது வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மேல் தண்ணீர் வேறு, அடித் தண்ணீர் வேறு, இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று அவன் சொன்னான். தெளிந்தது. அடுத்த ஜூனில் அந்த வழியாகப் போனபோது ஊற்றின் கல்வாயில் பாசி காய்ந்து பழுப்பாக உதிர்ந்துகொண்டிருந்தது. லாரித் தண்ணீருக்கு நின்ற வரிசையில் அந்தப் பெண் இருந்தாள். அவனை அடையாளம் கண்டுகொண்டாள். எதுவும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

பத்தேகாலுக்குப் போர் வண்டி வந்தது. பின்னாலேயே பைப்புகள் ஏற்றிய லாரி. மாதேஸ்வரன் இறங்கும்போதே கத்தினான்.

"டேய் பூபதி, ஊரெல்லாம் ஓட்டை போட்டவனுக்கு ஓட்டை போட என்னைய எழுபது வளைவு ஏற வெச்சுட்டயே! ரெண்டு வளைவுல என் உசுரு கீழயே நின்னுக்கிச்சு."

"திரும்பிப் போறப்ப எடுத்துக்க."

"பாயிண்டு யாரு பாத்தது? தேங்கா வெச்சுப் பாத்தீங்களா?"

"நாந்தான் பாத்தேன்."

மாதேஸ்வரன் கல்லைப் பார்த்தான். அதிலிருந்து சரிவில் நேராக இறங்கிய வெள்ளைக்கல் வரியைப் பார்த்தான். வரி முடிகிற இடத்தில் ஊற்றைச் சுற்றிப் பச்சையாகத் தெரிந்த புதரைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"கீழ யாரு காடு?"

"தங்கச்சி காடு."

மாதேஸ்வரன் காதைச் சொறிந்துகொண்டான். "ஓட்டறதா?"

பூபதி கல்லைக் காலால் அசைத்துப் பார்த்தான். அடியில் விரிசல் ஓடுவதைக் காட்டுகிற அந்த வரியைப் பார்த்துத்தான் அவன் இடத்தைக் குறித்திருந்தான். தண்ணீர் நிச்சயமாக இருக்கும் என்று தெரிந்த ஒரே இடம் அது. கையில் கற்பூரத்தட்டோடு நின்ற சுகுணா, "அவரு எதுக்குங்கண்ணா யோசிக்கறாரு, நீங்க ஓட்டுங்க" என்றாள்.

எந்திரம் இறங்கத் தொடங்கியது. சாம்பல் நிறப் பொடி மிளகு இலைகளின் மேல் படிந்தது. நாற்பது அடி, அறுபது அடி. வேறு இடமென்றால் பொடியைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்திருப்பான். இங்கே நிற்கவே முடியவில்லை. எண்பது அடியில் அவன் சரிவில் இறங்கிவிட்டான்.

சங்கீதா ஊற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு வாசலைக் கடந்தபோதுதான் பூபதி கவனித்தான். குடங்கள், அண்டா, பால் தூக்கு, கல்யாணச் சீராக வந்த பித்தளைப் பானை, பிளாஸ்டிக் டப்பாக்கள் எல்லாவற்றிலும் விளிம்புவரை தண்ணீர்.

"எதுக்கு இத்தனை புடிச்சு வெச்சிருக்க?"

"சும்மாத்தாண்ணா." அவள் நிமிரவில்லை.

அவன் பாறைமேல் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். மேலே கம்ப்ரஸர் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.  ஊற்றுத் தண்ணீர் தெளிவாகக் குழிக்குள் விழுந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. ஒன்றும் ஆகாமல் போகலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தான்.

மேலே சத்தம் மாறியது. காற்றோடு தண்ணீர் கலந்து பீய்ச்சுகிற சத்தம். சுகுணா யாரையோ கூப்பிட்டுச் சிரிப்பது கேட்டது. சிறிது நேரத்தில் ஊற்று ஒருமுறை விக்கி நின்று, மறுபடி விழுந்தது. விழுந்த இடத்தில் கூழாங்கற்கள் மங்கின. பிறகு தெரியவே இல்லை.

"என்னண்ணா இது, பாலாட்டம்?"

அவனுக்கு அந்த வாக்கியம் நாக்குவரை வந்தது. இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்பதும் வந்தது.

"எங்க தண்ணி இல்ல கண்ணு, உன் தண்ணிதான் மேல வருது" என்றான். "ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு மொதல்லயே தெரியும்."

அவள் நனைந்த துணியைப் பிடித்தபடி நின்றாள். அவன் மேட்டில் ஓடினான்.

சுகுணா தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். "நூத்தி நாப்பது அடியில பாறை விரிசலு, கேப்பு கிடைச்சிருச்சுங்க! ரெண்டர இஞ்சு தண்ணியாம்!"

"நிறுத்து" என்று மாதேஸ்வரனுக்குக் கை காட்டினான். எந்திரம் அடங்கியதும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "சின்ன பைப்பை அடிவரைக்கும் எறக்கி, சுத்தியும் சிமெண்டு ஊத்திரு. கேப்பை அடைச்சறோணும்."

"ஏனுங்க, பைத்தியமா?"

அவளிடம் சொன்னான். வெள்ளைத் தண்ணீரை, வாளியோடு ஏறி வந்த பெண்ணை, காய்ந்த கல்வாயை. அங்கே பனி நிற்காத மலையில் தான் செய்ததை. இதுவரை யாரிடமும் சொல்லாததால் முன்னும் பின்னுமாகத்தான் வந்தது.

சுகுணா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதெல்லாம் கல்லு நடறப்பத் தெரியலையா? எட்டு மாசமா நான் நாயாட்டம் கத்துனப்பத் தெரியலையா? உங்களுக்கென்ன, திங்கக்கெழமை வண்டியேறிருவீங்க. நல்லவரா இருந்துட்டுப் போயிருவீங்க. கொடத்தத் தூக்கறவ நானு."

 மாதேஸ்வரன் லாரிப் பக்கம் திரும்பி பீடி பற்ற வைத்தான். சுகுணா வேகமாகச் சரிவில் இறங்கினாள்.

அவள் ஊற்றடியில் நிற்பது மேலிருந்து தெரிந்தது. சங்கீதா எதிரே நின்றாள்.  சுகுணா குனிந்து தண்ணீரில் கைவிட்டு எடுத்து, விரல்களைப் பார்த்தாள். பிறகு அந்த வீட்டு வாசலில், நிரப்பி வைத்த குடங்களுக்கு முன்னால் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

திரும்பி வந்தபோது புருஷனைப் பார்க்கவில்லை.

"பைப்பை எறக்குங்கண்ணா" என்றாள் மாதேஸ்வரனிடம். பிறகு, பக்கத்துக் கொடியின் இலையில் படிந்திருந்த பொடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுங்க" என்றாள். "மழை புடிக்கற வரைக்கும் எங்கயும் போவ வேண்டாம். முப்பது கொடம். நீங்க தூக்குங்க."

கம்பெனிக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்திருந்தார். போகாவிட்டால் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அதைச் சொல்ல வாயெடுத்தான். அவள் வலது தோளை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"செரி" என்றான்.

பைப்புகள் ஒன்றன் பின் ஒன்றாகத் துளைக்குள் இறங்கின. பையன்கள் சிமெண்டைக் கரைத்தார்கள். உச்சி வெயிலில் கீழிருந்து சங்கீதாவின் குரல் வந்தது.

"அண்ணா! இன்னும் வெள்ளையாத்தான் வருது! தெளிஞ்சிருமாண்ணா?"

பூபதி சரிவின் விளிம்புக்கு வந்து நின்றான். அடைத்த விரிசல் பழையபடி தண்ணீரை விடுமா, வேறு வழியில் திரும்பிவிடுமா என்று, பதினாறு வருடத்தில் அடைத்த எந்த இடத்துக்கும் அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை.

"தெரியல கண்ணு" என்று கத்தினான். "வாரேன், இரு."