காயம் தேடி ஓடும் கூட்டம்

கெட்டிலைச் செருக இடமில்லாமல் காரெத் பிடுங்கியது, ஆய்வுக்கூடத்துக் கூரை விளக்கின் பிளக்கை. அந்த விளக்கு எரிந்தால் மேஜைமேல் இருக்கும் அறுநூறு ரோபோக்களும் உறங்கும், அணைந்தால் விழித்துக்கொள்ளும். ‘பிடுங்காதே’ என்று அதில் சீட்டு ஒட்டியவனே அவன்தான். தேநீர் தாகத்துக்குப் படிப்பறிவு கிடையாது.

முட்டைக்குள் கோழிக்கரு தானாகவே கால் வளர்த்துக்கொள்வதைப் பார்த்துச் செய்த கூட்டம் அது. தலைவன் இல்லை. உள்ளங்கை அளவு இரும்பு வண்டுகள், ஒன்றோடொன்று கோத்து ஒரே உடலாகிக் கால்களும் வளர்த்துக்கொள்ளும், பக்கத்து வண்டோடு மட்டும் பேசும். எங்காவது வெட்டுப்பட்டால் ‘காயம்’ என்று செய்தி பரவும். எல்லாம் ஓடிவந்து கொக்கி மாட்டி ஓட்டையை அடைக்கும். அதைச் சோதிக்க, உறங்கும் கூட்டத்தின் கால்களில் ஒன்றைத் தினமும் பிய்த்தெடுப்பது பெத்தனின் வேலை. அவள் கை அப்போது அந்த ஓட்டைக்குள் இருந்தது.

கூட்டம் அவள் கையோடு சேர்த்து ஓட்டையை அடைத்தது.

முதலில் எலும்பு முறியும் சத்தம், பிறகு அலறல். காரெத் சுத்தியலோடு பாய்ந்து அவள் மணிக்கட்டைச் சுற்றி இருந்தவற்றை நொறுக்கினான். பிடி இன்னும் இறுகியது.

“நிறுத்துடா மடையா. நீ உடைக்கிற ஒவ்வொண்ணும் அதுங்களுக்குப் புதுக் காயம். இன்னும் பத்து வருது” என்று கத்தினாள் பெத்தன்.

“விளக்கைப் போடவா?”

“அந்த விளக்கு சூடாகி எரியவே நாலு நிமிஷம். அதுக்குள்ள கை கூழாயிடும். மேஜையோட அந்தக் கடைசிக்குப் போ. அங்க பெருசா உடை.”

மறுமுனையில் இருந்தவை மூன்று வருஷமாக அவனே பற்றவைத்து உருவாக்கியவை. சிலவற்றுக்குச் செல்லப்பெயர்கூட உண்டு, வெளியே சொல்லமாட்டான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அடித்தான். ஓடுகள் பிளந்தன. ஒரு சில்லு தெறித்துப் புருவத்தைக் கிழித்தது. கண்ணில் ரத்தம் வழிய வழிய, குத்துமதிப்பாகவே அடித்தான். கூட்டம் ஒரு கணம் தயங்கியது. பிறகு பெத்தனை விட்டுவிட்டு அந்தப் பெரிய காயத்தை நோக்கிச் சலசலவென்று ஊர்ந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் புருவத்துக்கு ஆறு தையல். பெத்தனின் விரல்கள் மடங்குமா என்று டாக்டரைக் கேட்டான்.

“நம்பிக்கையோட இருப்போம்” என்றார் அவர்.

நர்ஸைக் கேட்டான்.

“ரொம்ப தைரியமான பொண்ணுங்க.”

கடைசியில் கட்டிலருகே போய் நின்றான். “பெத்தன், விரல் சரியாயிடுமா? எல்லாம் என்னாலதானே?”

“உன் தையல் அழகா இருக்கு” என்றாள்.

“விளையாடாத.”

அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், பிறகு அவனை.

“நடுவிரல் இனி மடங்காது. டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டார். ஆமா, உன்னாலதான்.”